புகைக்குச் சுங்கம் சரி, பணம் யாருக்கு?

இந்திய எஃகு ஐரோப்பியத் துறைமுகத்தில் இறங்கும்போது முன்பு அதன் தரம், எடை, விலையைத்தான் பார்த்தார்கள். இப்போது இன்னொரு கணக்கும் கேட்கிறார்கள்: அந்த எஃகை உருக்கியபோது எத்தனை டன் கரியமில வாயு வெளியேறியது? 2026 ஜனவரி 1 முதல் இறங்கும் சரக்குக்கு அதற்கேற்ப ஐரோப்பிய இறக்குமதியாளர் பணம் கட்டியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘கார்பன் எல்லை வரி’ என்று செய்தித்தாள்கள் எழுதும் ஏற்பாடு இதுதான். இரும்பு-எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவை இதில் அடங்கும். இந்திய அரசு இதை ஒருதலைப்பட்சமான வர்த்தக நடவடிக்கை என்கிறது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால், வரியே கூடாது என்று வாதாடுவதால் நமக்கும் லாபமில்லை, பூமிக்கும் லாபமில்லை. வசூலாகும் பணம் எந்தக் கஜானாவுக்குப் போகிறது, அதை எங்கே செலவிடுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள் என்பதில்தான் இந்தியா சண்டை போட வேண்டும்.

தொகை எவ்வளவு என்று ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியச் சந்தையில் ஒரு டன் கரியமில வாயுவை வெளியேற்றும் உரிமைக்கு 75 யூரோ விலை என்று வைத்துக்கொள்வோம். அண்மைக் காலத்தில் விலை இதைச் சுற்றித்தான் ஏறி இறங்கிவருகிறது. ஒரு டன் எஃகுக்கு 2 டன் வாயு வெளியேறினால் 150 யூரோ, நம் பணத்தில் ஏறத்தாழ 15,000 ரூபாய். இந்தச் சுமை முழுவதும் இப்போதே விழாது. ஐரோப்பா தன் சொந்த ஆலைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த உமிழ்வு உரிமங்களை 2026 முதல் 2034 வரை படிப்படியாக நிறுத்துகிறது. அது குறையக் குறைய இறக்குமதி மீதான வரி ஏறும். நம் ஆலைகளில் பெரும்பாலானவை நிலக்கரியை எரித்தே இரும்பு எடுக்கின்றன. ஒரு டன் எஃகுக்கு இந்தியாவில் வெளியேறும் வாயு சராசரியாக 2.5 டன், உலகச் சராசரி 2 டன்னுக்கும் சற்றுக் குறைவு. அதாவது, போட்டியாளர்களைவிட அதிகச் சுமையோடு நாம் களத்தில் நிற்கிறோம். போல்ட், நட்டு, குழாய் போன்றவை ஏற்கெனவே பட்டியலில் இருக்கின்றன. இயந்திரங்கள், வாகன உதிரிபாகங்கள் வரை பட்டியலை நீட்ட 2025 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்திருக்கிறது. அது சட்டமானால் கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பட்டறைகளும் இந்தக் கணக்குக்குள் வரக்கூடும்.

தண்டம் இல்லாத ஊர்

ஏரியைத் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்று ஊர் முடிவெடுக்கிறது. ஆள் அனுப்பாத வீட்டின் வயலுக்கும் மடையிலிருந்து தண்ணீர் பாயத்தான் செய்யும். பிறகு நாம் மட்டும் ஏன் மண் சுமக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு நினைக்கத் தொடங்கினால் ஏரி மேடாகிப் போகும். காலநிலைப் பொருளாதாரத்தின் மையச் சிக்கல் இவ்வளவுதான். ஒரு நாடு ஒரு டன் கரியமில வாயுவைக் குறைத்தால் செலவு முழுவதும் அந்த நாட்டுக்கு. பலனோ உலகம் முழுவதுக்கும். தன் பங்குக்குக் கிடைக்கும் பலனை மட்டும் எடைபோடும் எந்த நிதியமைச்சருக்கும் அது கட்டுப்படியாகாத வியாபாரமாகவே தோன்றும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. ஆள் அனுப்பாத வீட்டிடம் தண்டம் வாங்க ஊர்க்கூட்டம் இருந்தது. நாடுகளுக்கு மேலே அப்படியொரு கூட்டம் கிடையாது.

கடந்த 30 ஆண்டு காலநிலைப் பேச்சுவார்த்தைகளின் வரலாறு, தண்டம் இல்லாமல் ஏரியைத் தூர்வார முயன்ற வரலாறுதான். 1997இல் கியோட்டோவில் பணக்கார நாடுகளுக்கு மட்டும் கட்டாய இலக்கு வைத்தார்கள். அமெரிக்கா அதை ஏற்புறுதி செய்யவே இல்லை. கையெழுத்திட்டு உறுதியும் செய்த கனடா, இலக்கை எட்ட முடியாது என்று தெரிந்ததும் 2011இல் வெளியேறுவதாக அறிவித்தது. வெளியேறியதற்காக அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. அதிலிருந்து கற்ற பாடத்தால் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். எல்லோரும் சேர்ந்தார்கள், ஏனென்றால் சேர்வதற்குச் செலவே இல்லை. அமெரிக்கா ஒருமுறை வெளியேறித் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மறுபடியும் வெளியேற உத்தரவிட்டது. நாடுகள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகளை எல்லாம் அப்படியே நிறைவேற்றினாலும் இந்த நூற்றாண்டில் வெப்பநிலை 2.3 முதல் 2.5 டிகிரி வரை உயரும் என்கிறது ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2025 அறிக்கை.

இதற்குப் பொருளியலாளர்கள் சொன்ன மாற்று புதிதல்ல. 2018இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நார்டாஸ், 2015இலேயே ‘காலநிலைச் சங்கம்’ என்ற யோசனையை முன்வைத்தார். கார்பனுக்கு உள்நாட்டில் விலை வைக்கும் நாடுகள் ஒரு சங்கமாகச் சேரட்டும். சேராத நாடுகளின் பொருள்களுக்குச் சங்கத்தின் எல்லையில் சிறிய சுங்கம் போடட்டும். வெளியே நிற்பதற்கும் ஒரு செலவு வந்துவிட்டால் சேருவதே லாபம் என்று ஆகும் என்பது அவர் வாதம். ஐரோப்பாவின் எல்லை வரி அந்த யோசனையின் நேர் வாரிசு இல்லையென்றாலும், அதே தர்க்கத்தில்தான் இயங்குகிறது.

மான்ட்ரியலில் எது வென்றது?

வர்த்தகத்தைக் கருவியாக்கிச் சுற்றுச்சூழலைக் காத்ததற்கு ஏற்கெனவே ஒரு வெற்றிக்கதை இருக்கிறது. ஓசோன் படலத்தைத் துளைத்த குளிர்பதன வாயுக்களை ஒழிக்க 1987இல் மான்ட்ரியலில் உருவான ஒப்பந்தம் அது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுடன் அந்த வாயுக்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். அந்த வாயுவில் ஓடும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் தடை நீளும் என்பதால், வெளியே நிற்கும் நாடு சந்தையை இழக்கும். இது சாட்டை. சாட்டை மட்டும் போதுமானதாக இருந்ததா? இல்லை. உலக மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கொண்ட சீனாவும் இந்தியாவும் அசையவில்லை. இந்த வாயுக்களை இத்தனை காலம் பயன்படுத்தி ஓசோனைக் கெடுத்தவர்கள் பணக்காரர்கள். மாற்றுத் தொழில்நுட்பம் வாங்கும் செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1990இல் லண்டனில் நடந்த கூட்டத்தில் இந்தியாவின் சார்பில் மேனகா காந்தி இதே வாதத்தை உரக்கவே வைத்தார்.

விளைவாகப் பிறந்ததுதான் பன்னாட்டு ஓசோன் நிதியம். வளரும் நாடுகளின் ஆலைகள் மாறுவதற்கு ஆகும் கூடுதல் செலவை அது ஏற்றது. அதன் செயற்குழுவில் பணம் கொடுக்கும் நாடுகளுக்கு ஏழு இடம், பணம் பெறும் நாடுகளுக்கும் ஏழு இடம். கொடுப்பவர் வைத்ததே சட்டம் என்ற நிலை அங்கே இல்லை. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசமும் கிடைத்தது. 1991இல் சீனாவும் 1992இல் இந்தியாவும் சேர்ந்தன. பிறகு உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்துவிட்டன. அந்த வாயுக்களில் ஏறக்குறைய 99 சதவீதம் ஒழிந்துவிட்டது. அண்டார்டிகாவுக்கு மேலே உள்ள துளை இந்த நூற்றாண்டின் அறுபதுகளில் மூடிவிடும் என்று விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள். சாட்டையும் பணமும் ஒன்றாக வந்ததால் கிடைத்த வெற்றி இது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது.

ஓசோனையும் கார்பனையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அன்று தயாரிப்பாளர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். மாற்று வாயுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கார்பனோ சமையல் அடுப்பிலிருந்து விமானம் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. மொத்தப் பொருளாதாரத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் அடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் எஃகு, சிமென்ட், அலுமினியம், உரம் ஆகிய நான்கையும் தனித்தனியாக எடுத்துப் பாருங்கள். பெரிய ஆலைகளின் எண்ணிக்கை குறைவு, உமிழ்வை அளக்க முடியும், எல்லை தாண்டி வணிகமாகும் பண்டங்கள். எஃகு மட்டுமே உலக உமிழ்வில் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் காரணம். ஓசோன் வழி முழு உலகுக்கும் பொருந்தாவிட்டாலும், இந்த நான்கு துறைகளுக்கு நன்றாகவே பொருந்தும்.

பாதிப் பாடம்

ஐரோப்பா மான்ட்ரியலிலிருந்து சாட்டையை எடுத்துக்கொண்டு, பணப்பையை அங்கேயே விட்டுவிட்டது. சாட்டை வேலை செய்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவுக்கு எஃகும் சிமென்ட்டும் விற்கும் துருக்கி, 2025இல் காலநிலைச் சட்டம் இயற்றி, கார்பன் சந்தைக்கு அடித்தளம் போட்டது. மின்சாரத்தோடு நின்றிருந்த தன் கார்பன் சந்தையைச் சீனா அதே ஆண்டில் எஃகு, சிமென்ட், அலுமினியத்துக்கும் விரித்தது. சீனாவின் முடிவுக்கு இது ஒன்றே காரணமென்று சொல்ல மாட்டேன். ஆனால் 30 ஆண்டு மாநாடுகளின் வேண்டுகோள்கள் செய்யாததை ஒரு சுங்க விதி வேகப்படுத்தியிருக்கிறது. பிரிட்டனும் 2027 ஜனவரியில் தன் சொந்த எல்லை வரியைத் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறது.

பணத்தின் கதை வேறு. எல்லையில் வசூலாகும் தொகையின் பெரும்பகுதியை ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரவுசெலவுக்கு எடுத்துக்கொள்ளவே முன்மொழிவு இருக்கிறது. அதில் ஒரு பங்கை ஏழை நாடுகளின் ஆலைகள் மாறுவதற்கு ஒதுக்கியே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கு அலுமினியம் விற்றுவந்த மொசாம்பிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. உமிழ்வில் அதன் பங்கு சொல்லும்படியாக இல்லை. புயல்களில் அடிபடுவதோ அடிக்கடி. அந்த நாட்டுக்கும் விலக்கு கிடையாது. காலநிலைக்காக விதிக்கும் வரி, காலநிலையால் பாதிக்கப்பட்டவரிடமிருந்து வாங்கிப் பணக்காரரின் பொதுச் செலவுக்குப் போகுமானால், அதைத் தொழில் பாதுகாப்பு என்று மற்றவர்கள் சந்தேகிப்பதில் வியப்பில்லை.

இத்தனைக்கும் ஐரோப்பாவுக்கு இது பெரிய தொகை அல்ல. 2030 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 200 கோடி யூரோ என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு. ஒன்றியத்தின் ஆண்டு வரவுசெலவில் ஏறத்தாழ ஒரு சதவீதம். அதை விட்டுக்கொடுப்பதால் பிரஸ்ஸல்ஸ் நொடித்துவிடாது. பெறுபவருக்கோ அது வேறு விஷயம். வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் காலநிலை நிதி தருவோம் என்று 2009இல் கோபன்ஹேகன் மாநாட்டில் சொன்ன பணக்கார நாடுகள், சொன்ன 2020ஆம் ஆண்டைத் தவறவிட்டு 2022இல்தான் அதை எட்டின. அதிலும் பெரும்பகுதி கடன். 2024இல் பாகு மாநாட்டில் 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானபோது, இது கண்துடைப்பு என்று இந்தியப் பிரதிநிதி அரங்கிலேயே மறுத்தார். இப்படி ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றங்களின் தயவை எதிர்பார்க்கும் வாக்குறுதிகளைவிட, வரியிலிருந்து தானாக ஒழுகும் பணம் எவ்வளவோ நம்பகமானது.

நம் வாதம் எங்கே பலவீனம்?

இந்தியாவின் முதல் ஆட்சேபம் வரலாறு. தொழிற்புரட்சி தொடங்கி வளிமண்டலத்தில் சேர்ந்த கரியமில வாயுவில் அமெரிக்காவின் பங்கு மட்டுமே நான்கில் ஒன்று. இந்தியாவின் பங்கு மிகச் சில சதவீதம். இன்றும் ஓர் இந்தியரின் சராசரி உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன்; உலகச் சராசரி அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த வாதத்தை யாராலும் உடைக்க முடியாது. ஆனால் அது எதை நிரூபிக்கிறது? மாற்றத்தின் செலவைப் பணக்காரர்கள் ஏற்க வேண்டும் என்பதை நிரூபிக்கிறது. ஓர் இந்திய எஃகு ஆலை வெளியேற்றும் புகைக்கு விலையே கூடாது என்பதை நிரூபிக்கவில்லை. ஏழைக் குடும்பத்தின் 2 டன்னை முன்னால் நிறுத்தி, அதன் நிழலில் பெரிய ஆலைகளின் உமிழ்வை மறைத்துக்கொள்வது நம் பேச்சாளர்களுக்குப் பழகிப்போன வேலை. அதை விட்டுவிட்டால் நம் வாதம் வலுக்கும்.

இரண்டாவது, உலக வர்த்தக விதிகளுக்கு இது முரண் என்பது. இங்கே நாம் மறக்கக்கூடாத வழக்கு ஒன்று இருக்கிறது. கடலாமைகளைத் தப்பவிடும் கருவி பொருத்தாத வலைகளில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா தடை போட்டபோது, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998இல் அமெரிக்கா தோற்றது. ஆனால் தோற்ற காரணத்தைக் கவனிக்க வேண்டும். சுற்றுச்சூழலைக் காக்க இப்படித் தடை போடலாம்; சில நாடுகளுடன் பேசி அவகாசமும் உதவியும் கொடுத்துவிட்டு, மற்ற நாடுகளைப் பாகுபடுத்தியதுதான் தவறு என்றது மேல்முறையீட்டு அமைப்பு. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்ட பின் மலேசியா மறுபடி தொடுத்த வழக்கு 2001இல் நிற்கவில்லை. கார்பன் வரி வழக்கிலும் வரியை முற்றாக வீழ்த்துவோம் என்ற நம்பிக்கை வீண். நல்லெண்ணத்தோடு பேசவில்லை, பாகுபாடு காட்டுகிறார்கள் என்று காட்டினால் வழக்கு நிற்கும். வசூலைத் தன் கஜானாவிலேயே வைத்துக்கொள்ளும் வரை ஐரோப்பாவின் நல்லெண்ணம் கேள்விக்குரியதுதான்.

நாமே கைவிட்ட வரி

ஐரோப்பியச் சட்டத்தில் நமக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. உற்பத்தி நடந்த நாட்டிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அந்தத் தொகையை எல்லையில் கழித்துக்கொள்ளலாம். ஆக, ஏற்றுமதியாளர் தலையில் எப்படியும் விழப் போகும் பணத்தைத் தில்லி வாங்குகிறதா, பிரஸ்ஸல்ஸ் வாங்குகிறதா என்பது நம் கையில் இருக்கிறது. இதில் நம் வரலாறு விசித்திரமானது. 2010இலேயே இந்தியா நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் தீர்வை போட்டது. 2016இல் அது 400 ரூபாயானது. உலகில் பலர் யோசிக்கும் முன்பே நாம் செய்த காரியம். ஆனால் வசூலானதில் சிறு பகுதியே தூய ஆற்றலுக்குப் போனது. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அது மாநிலங்களுக்கு இழப்பீடு தரும் தீர்வையாக மாறியது. 2025 செப்டம்பரில் அந்தத் தீர்வையும் நீங்கி, நிலக்கரிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமானது. ஜிஎஸ்டியை எஃகு ஆலை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளும் என்பதால், கார்பனுக்கு விலை என்று அதை யாரிடமும் காட்ட முடியாது.

இப்போது நம்மிடம் இருப்பது 2023இல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டம். ஆலைக்கு ஆலை உமிழ்வு விகித இலக்கு வைத்து, தாண்டியவர் வாங்க, குறைத்தவர் விற்கும் ஏற்பாடு. நல்ல தொடக்கம்தான். ஆனால் இலக்கைத் தாண்டிய சிறு அளவுக்கு மட்டுமே ஆலை பணம் கட்டும். உண்மையில் கட்டிய விலையை மட்டுமே ஐரோப்பா கழிக்கும் என்பதால், இப்போதைய வடிவில் இதனால் கிடைக்கும் கழிவு சொற்பமாகவே இருக்கும். உள்நாட்டு விலை ஏறி வீடு கட்டுகிறவர் தலையில் விழாதா என்ற அச்சத்துக்கு விடை இருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு மட்டும் தனிக் கார்பன் கட்டணம் வைக்கலாம். உள்நாட்டு எஃகுக்கு இப்போதைய இலக்கு முறையே தொடரலாம்.

செய்ய வேண்டியவை

முதலில், இந்தத் தனிக் கட்டணத்தைச் சட்டமாக்கி, நிலக்கரித் தீர்வைக்கு நேர்ந்த கதி நேராதபடி அதன் வருவாயைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் எப்படியும் சமாளித்துக்கொள்ளும்; அந்தப் பணம் சிறு ஆலைகளின் உலை மாற்றத்துக்குப் போகட்டும். இன்னும் அவசரமானது அளவிடுதல். சொந்த உமிழ்வுக் கணக்கைக் காட்டாதவருக்கு ஐரோப்பா தானே வைத்திருக்கும் கூடுதலான மதிப்பைப் போட்டு வரி வாங்கும். நூறு பேர் வேலை செய்யும் ஒரு போல்ட் தொழிற்கூடத்தால் ஐரோப்பியத் தணிக்கையாளரை வரவழைக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற உள்ளூர்ச் சரிபார்ப்பு மையங்களைத் தொழில் நகரங்களில் அமைக்கும் வேலையைத் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்காகக் காத்திராமல் தொடங்கலாம்.

பேச்சுவார்த்தை மேசையில் விலக்குக் கேட்பதை நிறுத்திப் பங்கு கேட்க வேண்டும். வளரும் நாடுகளிடமிருந்து எல்லையில் வசூலாகும் தொகை முழுவதும் அந்தந்தத் துறைகளின் மாற்றத்துக்கே திரும்ப வேண்டும். ஓசோன் நிதியத்தைப் போல் சரிபாதி இடங்கள் கொண்ட குழு அதை நிர்வகிக்க வேண்டும். மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடுகளுக்கு வரியே கூடாது. எல்லோருக்கும் ஒரே கார்பன் விலை என்ற பிடிவாதமும் தேவையில்லை. பணக்கார நாடுகளுக்கு டன்னுக்கு 75 டாலர், நடுத்தர வருமான நாடுகளுக்கு 50, ஏழை நாடுகளுக்கு 25 என்று மூன்று படிக்கட்டுகளில் குறைந்தபட்ச விலை வைக்கலாம் என்று பன்னாட்டு நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 2021இலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த எண்களில் பேரம் பேசலாம். படிக்கட்டு என்ற கொள்கை நமக்குச் சாதகமானது.

வர்த்தக நடவடிக்கைகளைப் பற்றித் தனியாகப் பேச 2025 பெலெம் காலநிலை மாநாட்டில் ஐரோப்பா இறங்கிவந்திருக்கிறது. அடுத்த மாநாடு 2026 நவம்பரில் துருக்கியின் அண்டாலியாவில். ஐரோப்பா முதல் கார்பன் சான்றிதழை விற்கப் போவது 2027 பிப்ரவரியில். பணம் கைமாறத் தொடங்கும் முன் அது போகும் பாதையை மாற்றுவது எளிது. வரவுசெலவில் அது ஒரு வரவினமாக ஏறிவிட்ட பிறகு எந்த அரசும் விட்டுத் தராது. மத்திய அரசு அண்டாலியாவுக்குக் கண்டன உரையோடு போகாமல், பிரேசிலையும் தென்னாப்பிரிக்காவையும் மொசாம்பிக் போன்ற நாடுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு நிதியத்தின் வரைவோடு போக வேண்டும்.